திசையறிந்த காந்தம்

இரும்பின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. 57ஆம் அத்தியாயமான 'அல்ஹதீத்' அது. அவ்விரும்பில் இறைவன் அமைத்த காந்த ஆற்றலை நம் முன்னோர் வணக்கத்திற்கும் பயன்படுத்தினர். யமன் நாட்டு சுல்தான் அல்அஷ்ரஃப் உமர், காந்த ஊசியால் கிப்லாவை அறியும் முறையை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்தார்.

காந்தத்தினுள் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். அவை ஒரே திசை நோக்கி நின்றால்தான் காந்த ஆற்றல் வெளிப்படும். வெப்பம் அவற்றைக் குலைக்கும். 770 பாகை செல்சியசில் இரும்பு தன் காந்த ஆற்றலை இழந்துவிடும். குளிர்ந்தால் ஒழுங்கு மீளும்.

காந்தத்தை மெலிதாக்கி, ஓரணுப் படலமாகவே ஆக்கிவிட்டால் என்னவாகும்? எல்லாத் திசையும் சமமென நிற்கும் அணுக்களைக் கொண்ட படலம், எத்துணை குளிரிலும் நிலையான காந்தமாகாது என மெர்மின், வாக்னர் எனும் இரு அறிஞர்கள் 1966இல் கணித வழியே நிறுவினர்.

தொழுகை வரிசையை எண்ணிப் பாருங்கள். கிப்லாவை அறியாது, அருகில் நிற்பவரை மட்டும் பார்த்து ஒவ்வொருவரும் நின்றால், சிறு சிறு பிசகுகள் சேர்ந்து வரிசையின் கோடியில் திசையே மாறிவிடும். அனைவருக்கும் பொதுவான கிப்லா இருப்பின் வரிசை குலையாது. படிகத்தின் அமைப்பே ஒரு திசையைச் சிறப்பாக்கித் தருமானால் மெல்லிய படலமும் காந்தமாகும். குரோமியம் டிரை அயோடைடின் ஒற்றைப் படலம், சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 228 பாகைக் குளிரில் காந்தமாவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் கண்டனர்.

படிகங்களின் காந்த இயல்பு திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்த முன்னோடி, மல்லாங்கிணறு அடங்கிய நம் விருதுநகர் மாவட்டத்தவரே! 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், 1928 முதல் டாக்காவிலும் பின்னர் கல்கத்தாவிலும் அவ்வாய்வை நடத்தினார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்புவதை அளந்தார். பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளையும் ஆராய்ந்தார். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

பெற்றோர்களே! பத்தாம் வகுப்போடு பிள்ளையைக் கடைக்கோ ஆலைக்கோ அனுப்பும் முன் சற்றே சிந்தியுங்கள். மழை குறைந்த இம்மண்ணில் அறிவு குறைவில்லை. ஆணாயினும் பெண்ணாயினும் ஓதும் பிள்ளை இயற்பியலும் கற்கட்டும். படைப்பை ஆராய்வதும் படைத்தவனை அறியும் வழியே. வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குக் கல்வியைப் பெருக்கித் தருவானாக! ஆமீன்.