பழைய துப்பாக்கிக்குள் பழைய மருந்து!

அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களை ஏலம் விடும்போது ஒரு வகைத் துப்பாக்கி அடிக்கடி தலைகாட்டும். வால்நட் மரக் கட்டை, பளபளக்கும் பித்தளைப் பூண், எட்டுப் பட்டை போட்ட கனத்த குழல், அதன் அடியில் செருகிய ஒரு கோல். தாத்தா சுவரில் மாட்டி வைத்திருந்தது. பேரன் விற்றுவிடப் பார்க்கிறான்.

இதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்குக் குழாயில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும்.

விலை பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யார் செய்தது, எந்த வருஷத்தது என்பதெல்லாம் பிறகு. உள்ளே மருந்து இருக்கிறதா?

கோல் சொல்லும் உண்மை

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. ஈரம் படாமல் இருந்தால் அது கெடுவதில்லை. தாத்தா மான் வேட்டைக்குப் போய், மான் கிடைக்காமல் திரும்பி, கெட்டித்தபடியே ஆணியில் மாட்டியிருப்பார். முப்பது வருஷம் கழித்தும் அது வெடிக்கும்!

சோதிப்பது சுலபம். முதலில் குதிரையைப் பாதி தூக்கி, காம்பின்மேல் கேப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். குழல் வாய்க்கு நேராக முகமோ கையோ வராமல், கோலை மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். அடி தட்டியதும் வாயின் விளிம்பில் கோலின்மேல் ஓர் அடையாளம் போட வேண்டும். பிறகு கோலை எடுத்துக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால், முனை ஏறக்குறைய காம்பு இருக்கும் இடம் வரை எட்ட வேண்டும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமும் காட்டிக் கொடுக்கும். காலிக் குழலில் 'டிங்' என்று இரும்பு பேசும். மருந்து இருந்தால் 'மொத்'தென்று விழும்.

இருந்தால் நெருப்பைக் காட்டக் கூடாது. சூடு பண்ணித் திருகுகளைக் கழற்றவும் கூடாது. துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலாளியிடம் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். அவர் மருந்தை நனைத்துச் சாகடித்துவிட்டு, பிறகு குண்டை வெளியே எடுப்பார்.

இதெல்லாம் அதிக ஜாக்கிரதை என்று நினைப்பவர்கள் கெட்டிஸ்பர்க் கணக்கைக் கேட்க வேண்டும். 1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கே நடந்த சண்டைக்குப் பிறகு, களத்திலிருந்து சுமார் 27,500 துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். ஏறத்தாழ 24,000 துப்பாக்கிகளில் மருந்து அப்படியே இருந்தது. அவற்றில் பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் கெட்டித்திருந்தது. ஒரே குழலில் 23 தரம் கெட்டித்ததும் கிடைத்ததாம். வெடித்ததா இல்லையா என்று தெரியாமலே அந்தச் சிப்பாய்கள் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பாவம்.

யார் செய்தது?

குழலின் மேல் எழுத்து இருக்கும். 'தாம்ஸன் சென்டர்' என்றும் 'ஹாக்கன்' என்றும் இருந்தால், அது 1970-ல் விற்பனைக்கு வந்த மாதிரி. நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்தில் செய்தது. அசல் ஹாக்கன் வேறு. மிசூரி நதி வழியே மேற்கே போன வேட்டைக்காரர்களுக்காக, செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் என்ற ஹாக்கன் சகோதரர்கள் பட்டறை போட்டுச் செய்தார்கள். ஜேக்கப் 1849-ல் காலமானார். அவர்களுடைய மலைத் துப்பாக்கியில் பூண் பெரும்பாலும் இரும்பு. ஆகவே பித்தளை மின்னினால் 'அசல்' என்று விலை ஏற்றுகிறவரை நம்ப வேண்டாம்!

இத்தாலியச் சரக்காக இருந்தால் குழலில் நட்சத்திரத்தின்கீழ் 'பி.என்.' என்ற முத்திரை இருக்கும். கரிமருந்துக்குச் சோதித்தது என்று அதற்குப் பொருள். பக்கத்துச் சதுரத்தில் உள்ள இரண்டு எழுத்து வருஷத்தைச் சொல்லும். 'ஏ ஏ' என்றால் 1975.

கரிமருந்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் குழலில் பொறித்திருக்கும். அதை விளையாட்டாக நினைக்கக் கூடாது. இந்தக் காலத்துத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை இதில் போட்டால், அந்த அழுத்தத்தைக் குழல் தாங்காது. பிளந்த குழல்களையும் போன விரல்களையும் பற்றிய கதைகள் ஏராளம்.

வெளி மினுக்கு ஏமாற்றும். உள்ளே துரு இருக்கிறதா என்று சிறு விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். பாதி தூக்கிய குதிரை, விசையை இழுத்தால் விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.

கெட்டிக்கும் முறை

அரை அங்குலக் குழலுக்கு, '50' என்ற கணக்கு. ஆரம்பத்துக்கு ஐம்பது கிரெயின் மருந்து போதும். நம் கணக்கில் சுமார் மூன்றேகால் கிராம். செய்தவர்களின் கையேடு கிடைத்தால் அது சொல்வதே முடிவு.

முதலில் குழலின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெறும் கேப்பு ஒன்றை வெடிக்க வேண்டும். குழல் வாயைப் புல்லுக்கு நேராகப் பிடித்தால், வழி திறந்திருந்தால் புல் ஆடும். பிறகு மருந்தை அளவுக் குப்பியில் அளந்து கொட்ட வேண்டும். கொம்பிலிருந்து நேராகக் கொட்டவே கூடாது. முந்திய வேட்டின் பொறி உள்ளே இருந்தால், கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும்.

எண்ணெய் தோய்த்த பருத்தித் துணித் துண்டை வாயில் விரித்து, அதன்மேல் ஈயக் குண்டு. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. துணிதான் இடைவெளியை நிரப்பிப் புரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. கோலால் தள்ளும்போது குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார வேண்டும். நடுவில் காலியிடம் இருந்தால் குழல் வீங்கிவிடும். எனவே சரியாக உட்கார்ந்த நிலையில் கோலின்மேல் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த முறை கோடு மேலே தெரிந்தால் ஏதோ தவறு.

கேப்பு கடைசியில்தான், அதுவும் இலக்கை நோக்கி நின்ற பிறகுதான். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியை இறக்கக் கூடாது. குழலை இலக்குக்கு நேராகவே வைத்து ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். சில வேளை மருந்து தாமதமாகப் பற்றும்.

நம் நாட்டில் இதை வாங்கி மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும்.

சுட்டு முடிந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். கரிமருந்தின் அழுக்கு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் இரும்பைத் தின்றுவிடும். இதற்கு விசேஷ மருந்து எதுவும் தேவையில்லை. வெந்நீரும் சோப்பும் போதும். குழல் சூடேறித் தானே உலரும், பிறகு எண்ணெய். மறுநாள் காலையில் வெள்ளைத் துணியை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். துணி பழுப்பாக வந்தால் மீண்டும் வெந்நீர் காய்ச்ச வேண்டியதுதான்.