கோலியை விட்டு வெளியே வாருங்கள்!

பிழைப்புக்காக மும்பை வந்த தமிழர் ஊரில் விட்டு வந்தவை பல. வீடு, உறவு, கோவில் கொடை என்று அவற்றை நினைத்து ஏங்குவதுண்டு. ஆனால் விட்டு வந்த இன்னொன்றை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதுதான் வெட்டவெளி!

ஊரில் வயற்காட்டிலும் குளத்தங்கரையிலும் நடமாடியவர், இங்கே பத்துக்குப் பத்து கோலியில் நாலைந்து பேரோடு படுத்து எழுகிறார். அங்கிருந்து லோக்கல் ரயில். பிறகு ஆபீஸ் அல்லது பட்டறை. மறுபடியும் ரயில், மறுபடியும் கோலி. ஒரு மரத்தடியில் கூட நிற்காமலே வாரம் ஓடிவிடுகிறது.

"தூக்கம் வரவில்லை", "எதற்கெடுத்தாலும் எரிச்சல்", "தலை கனக்கிறது" என்று சொல்பவர்கள் நம்மில் பலர். சிலர் மாத்திரையைத் தேடுகிறார்கள். சிலர் பாட்டிலைத் தேடுகிறார்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் சோர்வு தீராவிட்டால், மனதையும் கவனிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே மரம்

மரத்துக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய குறிப்பேடுகளை ராஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் புரட்டிப் பார்த்தார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. இன்னும் 23 பேருக்குத் தெரிந்தது செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இந்த முடிவு 1984ல் வெளியாயிற்று.

இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2019ல் வெளிவந்தது. வாரத்தில் 2 மணி நேரமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழித்தவர்கள், அங்கெல்லாம் போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த 2 மணியை ஒரே நாளில் கழித்தாலும், நாளுக்குக் கொஞ்சமாகக் கழித்தாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

காரணம் என்ன?

ரயில் கூட்டத்தில் மனம் காவல்காரனைப் போல விழித்திருக்கிறது. பையைப் பார்க்க வேண்டும், அறிவிப்பைக் கேட்க வேண்டும், இறங்கும் பக்கத்துக்கு நகர வேண்டும். ஆபீசிலும் அப்படித்தான். மரத்தடியில் அந்தக் காவல் வேலை இல்லை. இலை அசைவதைப் பார்க்க யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. மனம் அப்போதுதான் கையைக் காலை நீட்டிக்கொள்கிறது!

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2015ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. வாகனங்கள் ஓடும் சாலையில் ஒன்றரை மணி நேரம் நடந்தவர்களிடம் மாற்றமில்லை. புல்லும் மரமும் உள்ள இடத்தில் நடந்தவர்களுக்கோ, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நினைக்கும் தொல்லை குறைந்தது.

காலை வெளிச்சத்துக்குத் தனிப் பலன் உண்டு. அது உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரியாக முடுக்கி வைக்கிறது. இரவில் நேரத்தோடு தூக்கம் வருவதற்கு அது உதவும்.

குப்பை மேட்டில் ஒரு காடு

"மும்பையில் மரத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் தாராவி பஸ் டிப்போ பக்கம் போய்ப் பார்க்கட்டும். மித்தி நதிக்கரையில் 37 ஏக்கரில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு. மரங்களை நட்டு வளர்த்து, 1994ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் குடியிருக்கின்றன. குப்பை மேடே தேறி எழுந்த பிறகு, மனிதன் மனம் தேறாதா?

மாதுங்காவாசிகளுக்கு ஐந்து தோட்டங்கள் என்னும் பைவ் கார்டன்ஸ் இருக்கிறது. சயானில் கோட்டைக் குன்றின் அடிவாரத்திலும், செம்பூரில் டயமண்ட் கார்டனிலும் உட்கார இடமுண்டு. தாதரில் சிவாஜி பார்க் மைதானமும், அதையடுத்துக் கடலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போரிவிலி தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகலாம்.

முக்கியமாக, வீட்டுப் பெண்களை மறந்துவிடக் கூடாது. ஆண்கள் ரயிலிலாவது வெளிக்காற்று வாங்குகிறார்கள். அடுப்பும் தண்ணீர்க் குழாயுமே உலகமாக இருப்பவர்களுக்கு இந்த அரை மணி நேரம் இன்னும் அவசியம். அவர்கள் வெளியே போய் வரும்வரை கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் குறைந்துவிட மாட்டார்!

எல்லாவற்றுக்கும் மரநிழல் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடாமல் இருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மத்திய அரசு 2022ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்கள் நாளையே தொடங்கலாம். ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கி மரமுள்ள தெரு வழியாக நடந்தாலும் போதும். வெயிலுக்கு முன் காலையிலும், மழைக்காலத்தில் மழை விட்ட இடைவேளையிலும் போகலாம். மணியார்டர் அனுப்புவது போல, மாதச் செலவில் வாடகையை ஒதுக்குவது போல, வாரத்தில் 2 மணி நேரத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஊரில் ஒரு குடும்பம் நம்மை நம்பி இருக்கிறது. அதற்கு நம் சம்பளம் மட்டும் போதாது; நாமும் நலமாக ஊர் போய்ச் சேர வேண்டும்.