இளங்கொடிக்கு ஏன் இத்தனை வெட்டு?

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், வசந்தத்தில் நட்ட திராட்சைக் கன்று ஒன்று குளிர்காலத்துக்குள் மூன்று நான்கு கிளைகள் விட்டு நிற்கிறது. தோட்டக்காரர் கவாத்துக் கத்தரியுடன் வருகிறார். நல்ல கிளை ஒன்றைத் தவிர மற்றவற்றை அடியோடு நீக்குகிறார். அந்த ஒன்றிலும் அடியில் இரண்டே மொட்டுகளை விட்டு மீதியை வெட்டி எறிகிறார்! ஓராண்டு வளர்ச்சி வீணாயிற்றே என்று நமக்குத் தோன்றும் அல்லவா?

இலைகள் உதிருமுன்பே கொடி தன் உணவை மாவுச்சத்தாக மாற்றி வேரிலும் தண்டிலும் சேமித்துவிடுகிறது. வெட்டிய கிளைகளோடு கொஞ்சம் போகும். வேரிலுள்ள சேமிப்பு பத்திரமாக இருக்கும். அதை இருபது மொட்டுகள் பங்கிட்டுக்கொண்டால் இருபது நோஞ்சான் தளிர்கள்தாம் வரும். இரண்டு மொட்டுகள் என்றால் தளிர் தடித்து நேராக வளரும். அவற்றில் ஒன்றுதான் பிற்காலத்தில் பாரம் தாங்கப்போகும் அடித்தண்டு. (நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிர் இல்லை, ஆகவே அங்கே கவாத்துக்குக் குளிர்காலம் வரக் காத்திருப்பதில்லை.)

குளிர்காலத்தில் எப்போது வெட்டுவது? இதில்தான் ஆபத்து இருக்கிறது. கொடியில் நுனி மொட்டுகளே முதலில் விழிக்கும். அதுவரை அடி மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை முன்கூட்டியே வெட்டிவிட்டால், அடி மொட்டுகள் சீக்கிரம் தளிர்விடும். பின்னர் உறைபனி வந்தால் தளிர் கருகிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்சின் பல தோட்டங்களில் இரவெல்லாம் மெழுகுத் தீபங்கள் ஏற்றியும் பெருஞ்சேதம் ஏற்பட்டது. இரண்டே மொட்டுகளை நம்பியிருக்கும் இளங்கொடிக்கு இது பேரிடி. மார்ச் மாதக் கவாத்துக்கு ஈடில்லை என்று அந்நாட்டில் பழமொழியே உண்டு.

மார்ச்சில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார்கள். மண் சூடேறியதும் வேர்கள் நீரை உறிஞ்சி மேலே தள்ளுவதே காரணம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், காலந்தாழ்த்தி வெட்டிய கொடியொன்று இவ்வாறு ஒழுகிச் செத்துவிடுமோ என்று அஞ்சி, வெட்டுவாயில் ஒரு சவ்வை இறுகக் கட்டினார். சவ்வு பந்துபோல் உப்பியது! உடனே வேறு கொடிகளில் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திச் சோதித்தார். ஒன்றில் சாறு 20 அடிக்கும் மேல் ஏறியது. வேரழுத்தத்தை அளந்த இச்சோதனைகளை அவர் 1727இல் நூலாக வெளியிட்டார்.

அந்தக் கண்ணீரில் பெரும்பகுதி வெறும் நீர்தான். இலைகள் விரிந்து நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் ஒழுகல் நின்றுவிடும். ஹேல்ஸ் அஞ்சியதுபோல் கொடி சாவதில்லை.