பெயரும் இடமும் யாருடையவை?
இணையதளம் தொடங்குவோர் அறிய வேண்டிய ஹோஸ்டிங் அடிப்படைகள்

தசராவுக்குச் சில வாரங்களே இருந்த நேரம். மைசூருவில் ஊதுவத்தி தயாரித்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர், நடைமுறை மூலதன வரம்பை உயர்த்தித் தருமாறு கேட்டு நம் கிளைக்கு வந்தார். வெளியூர் வரவுகள் இரண்டு மாதங்களாகக் குறைந்திருப்பதை அவருடைய கணக்கு காட்டியது. காரணம் கேட்டோம். “எங்கள் வெப்சைட் போய்விட்டது சார்” என்றார்.

பல ஆண்டுகளுக்கு முன் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர், அதன் பெயரைத் தம் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருந்தார். பின்னர் அவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவருக்கே போயின. கெடு முடிந்தது, பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டனர். “என் மகள் எஸ்.இ.ஓ. வகுப்புக்குப் போகிறாள். எந்தச் சொல்லை எங்கே எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை” என்றார் அவர்.

தேடுபொறியில் நம் கடையின் பெயர் முன்னால் வர வேண்டும் என்று விரும்புவோர், முதலில் அக்கடை நிற்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். அதற்கான அடிப்படைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முகவரி வேறு, கடை வேறு

இணையதளத்துக்கு இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று டொமைன், அதாவது தளத்தின் பெயர். மற்றொன்று ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகள் தங்கும் சர்வரில் நாம் பெறும் இடம். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். பெயரைத் தட்டியவுடன், அதற்குரிய எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டி.என்.எஸ். என்னும் அமைப்பு.

டொமைனை விலைக்கு வாங்குவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகையே. ஒரு முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். ‘டாட் இன்’ பெயர்களை, 2003-இல் தொடங்கப்பட்ட நிக்ஸி என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே ‘டாட் இந்தியா’ என முடியும் முகவரியையும் இன்று பெறலாம்.

இடத்தின் வகைகள்

தேவராஜா மார்க்கெட்டில் ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பதுபோல், ஒரே சர்வரில் பல தளங்கள் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். வாடகை குறைவு. ஆனால் பக்கத்துக் கடையில் கூட்டம் சேர்ந்தால் நம் வாசலிலும் நெரிசல் ஏற்படும். அதே கட்டடத்தில் தனித் தடுப்பும் தனி மின்இணைப்பும் பெற்ற அறைபோன்றது வி.பி.எஸ். கட்டடம் முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்வது டெடிகேட்டட் சர்வர். நாளொன்றுக்குச் சில நூறு பேர் வந்து பார்க்கும் கடைக்குத் தரமான ஷேர்டு ஹோஸ்டிங்கே பெரும்பாலும் போதுமானது. வியாபாரம் வளரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தேடுபொறி எதைக் கவனிக்கிறது?

கூகுளின் தானியங்கி மென்பொருள் தளங்களுக்கு வந்து பக்கங்களைப் படித்துச் செல்கிறது. அது வரும் நேரத்தில் சர்வர் மறுமொழி தராவிட்டால், மூடிய கடைக்கு வந்தவரைப்போல் திரும்பிவிடும். அந்நிலை நீடித்தால் பக்கங்கள் பட்டியலிலிருந்தே விலகக்கூடும். ஹோஸ்டிங் விளம்பரங்களில் ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்ற வாசகத்தைக் காண்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் தளம் நின்றிருக்கலாம் என்பதே அதன் பொருள். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாட்களுக்கும் மேல். அந்த நாட்கள் தசராவில் வந்தால் என்ன ஆகும் என்பதை மைசூரு வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வேகம். கைப்பேசித் தேடலில் பக்கத்தின் வேகத்தையும் ஓர் அளவுகோலாக 2018 ஜூலை முதல் கூகுள் கொண்டுள்ளது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிகளுக்குள் தோன்ற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வாடிக்கையாளர்கள் இந்தியாவில் இருக்க, சர்வர் அமெரிக்காவில் இருப்பின், ஒவ்வொரு கோரிக்கையும் கடல் கடந்து போய் வர வேண்டும். மும்பையிலோ சென்னையிலோ உள்ள தரவு மையத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தாமதம் குறையும்.

மூன்றாவது பாதுகாப்பு. முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குவதைத் தரவரிசைக்கான குறியீடுகளில் ஒன்றாக 2014 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. அது இல்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ என 2018 முதல் குரோம் உலாவி காட்டுகிறது. இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே வழங்குகின்றன. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமே பொருத்தித் தருகின்றன. தனிக்கட்டணம் கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

மைசூரா, மைசூருவா?

2014 நவம்பர் 1 அன்று நம் நகரின் பெயர் ஆங்கிலத்திலும் ‘மைசூரு’ ஆயிற்று. தளத்தின் பெயரையும் மாற்ற வேண்டுமா என்று வணிகர்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. தேவையில்லை. பட்டானாலும் சந்தனமானாலும், பழைய பெயரை இட்டுத் தேடுவோர் இன்றும் உள்ளனர். பழைய முகவரியை வைத்துக்கொண்டு, பக்கங்களில் இரு வடிவங்களையும் இயல்பாக எழுதினால் போதும். மாற்றியே ஆக வேண்டுமெனில், பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் புதிய பக்கத்துக்கு ‘301’ எனப்படும் நிரந்தர வழிமாற்றத்தை அமைத்து, அதைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். பழைய பெயரையும் கைவிடாமல் புதுப்பித்து வர வேண்டும்.

நகல் வேறிடத்தில் இருக்கட்டும்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தது. இலட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தனர். நகைப் பெட்டியின் மாற்றுச் சாவியை அதே பெட்டிக்குள் வைப்பதில் பயனில்லை. மாதம் ஒருமுறையாவது தளத்தின் முழு நகலை எடுத்து, வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.

கணக்கும் காவலும்

டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில், நீங்கள் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். விலைச்சீட்டையும் ஜி.எஸ்.டி. எண்ணுடன் நிறுவனத்தின் பெயரிலேயே பெறுங்கள். உள்ளீட்டு வரி வரவுக்கு அது ஆவணம், உரிமைக்கு அது சான்று. தானியங்கிப் புதுப்பிப்புக்குத் தந்துள்ள கார்டு காலாவதியானாலோ, மாற்றப்பட்டாலோ பணம் போகாது. ஆகவே புதிய கார்டு வந்ததும் அந்தக் கணக்கையும் திருத்துங்கள். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பைப் படியுங்கள்.

பெயரின் காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வங்கித் துறையே சான்று. வங்கிகளைப்போல் வேடமிடும் போலித் தளங்களைத் தடுக்க, ‘பேங்க் டாட் இன்’ என்னும் தனி முகவரியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அதற்கு மாற வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 31 வரை கெடு அளிக்கப்பட்டது. பதிவு செய்யும் பொறுப்பு ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனத்துக்கு மட்டுமே தரப்பட்டது.

நம் வாடிக்கையாளர் இப்போது புதிய பெயரொன்றை நிறுவனத்தின் பெயரிலேயே பதிவு செய்துள்ளார். தேடலில் பழைய இடத்தைப் பிடிக்க இன்னும் காலம் ஆகும். பழைய பெயர் ஈட்டித் தந்த நம்பிக்கையைப் பணம் கொடுத்து மீட்க இயலாது. புதுப்பிக்க வேண்டிய நாளை அவருடைய மகள் கடை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறாள். இதைப் படிக்கும் நீங்களும் இன்றே உங்கள் டொமைன் கணக்கைத் திறந்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.