குண்டுக்கு வழிகாட்டும் கண்

ஈப்போவின் புந்தோங்கில் விடியற்காலையில் பேப்பர் போடுபவரைக் கவனித்துப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தமாட்டார். வீட்டு கேட்டுக்கு நாலடி முன்பே, சுருட்டிய பேப்பரைக் கையிலிருந்து விட்டுவிடுவார். வண்டியின் வேகம் பேப்பருக்கும் உண்டு. முன்னால் போய்க்கொண்டேதான் அது விழும்.

விமானம் போடும் குண்டுக்கும் இதே கணக்குத்தான். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 20 வினாடி. விமானம் வினாடிக்கு 100 மீட்டர் பறந்தால், காற்றின் தடையைச் சேர்க்காமல், குண்டு 2 கிலோமீட்டர் முன்னால் போய் விழும். விடுவதில் அரை வினாடி பிசகினால் 50 மீட்டர் தள்ளிப்போகும். அங்கே சொந்தப் படையே நின்றால்?

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில், 1948 ஜூன் 16 அன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதோடு மலாயாவில் வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். அவர்களைத் தேடும் வீரர்கள். மேலே லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள். விமானிக்கோ மர உச்சிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. கீழே இருந்தவர்கள் புகை போட்டு இடம் காட்டினார்கள். சிறிய ஆஸ்டர் விமானங்கள் தாழப் பறந்து குறி சொல்லின. தரை ரேடார் விமானத்தைப் பின்தொடர்ந்து, எந்த நொடியில் விடவேண்டும் என்று சொல்லும் முறையும் வந்தது. ஆனால் விட்டது விட்டதுதான். பாதி வழியில் திருப்ப முடியாது. அந்தக் காட்டோரத் தோட்டங்களில்தான் நம் பாட்டன் பாட்டிகள் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

விழும்போதே லேசர் ஒளியைப் பின்பற்றித் திரும்பும் குண்டு 1968-ல் வியட்நாம் போரில் வந்தது. தரையிலிருக்கும் வீரரோ விமானியோ இலக்கின்மேல் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார். பட்டுச் சிதறும் ஒளியைக் குண்டின் மூக்கிலுள்ள உணர்கருவி பிடிக்கிறது. தோசையை நாலாகக் கீறியதுபோல் அதற்கு நான்கு பகுதிகள். எந்தப் பகுதியில் ஒளி கூடுகிறதோ, அதை வைத்து இலக்கு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கண்டுகொள்ளும். சிறு துடுப்புகள் அசைந்து குண்டைத் திருப்பும். ஒளித் துடிப்புக்குச் சங்கேதம் வேறு உண்டு. அந்நிய லேசரை அது சட்டைசெய்யாது. எவ்வளவு எளிய யோசனை!

கார்கில் போரில், 1999 ஜூன் 24 அன்று, இந்திய விமானப்படையின் மிராஜ் 2000 விமானங்கள் இந்த வகைக் குண்டுகளை டைகர் ஹில் மீது போட்டன. ஜூலை 4 அன்று காலாட்படை சிகரத்தைப் பிடித்தது.

மேகமும் புகையும் லேசரை மறைத்துவிடும். அதற்கு மாற்றாக வந்ததுதான் ஜிபிஎஸ் குண்டு. இலக்கின் இடத்தை எண்களாகக் கொடுத்தால் போதும். 2001 டிசம்பர் 5 அன்று, ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்க வீரர் இலக்கைக் கணக்கிட்ட கருவிக்கு பேட்டரி மாற்றினார். மாற்றியதும் கருவி தானிருக்கும் இடத்தின் எண்களையே காட்டியது. அவையே விமானத்துக்குப் போயின. குண்டு துளியும் பிசகாமல் அந்த எண்களில் வந்து விழுந்தது. அமெரிக்க வீரர்கள் மூவரும், உடன் நின்ற ஆப்கானியர்களும் இறந்தார்கள்.