ரேகையும் நகமும்

டெல்லி கன்னாட் பிளேஸை அடுத்த பாபா கரக் சிங் மார்க்கில் உள்ள ஹனுமான் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் திரளும் பக்தர்களில், சுவாமி தரிசனம் முடிந்து, வாசலில் மருதாணி இடும் பெண்களைக் கடந்து வந்து, கைரேகை ஜோசியர் முன் உள்ளங்கையை விரித்து உட்காருவோர் உண்டு. சாமுத்திரிகா சாஸ்திரம் வகுத்தபடி ஆயுள் ரேகை, புத்தி ரேகை என்று பார்த்து அவர் பலன் சொல்கிறார். அதே நகரில், 1956-ல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலோ, வைத்தியரும் நோயாளியின் கையை விரித்துத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் தேடுவது கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையுமே.

தாயின் கர்ப்பத்தில் சிசுவுக்கு மூன்று மாதம் நிறையும் சமயத்திலேயே, கை மடங்கும் இடங்களில் தோல் மடிந்து உள்ளங்கையின் பெரிய ரேகைகள் அமைந்துவிடுகின்றனவாதலால், பின்னால் வரப்போகும் உத்தியோகமும் விவாகமும் அவற்றில் பதிந்திருக்க வழியில்லை. உள்ளங்கையின் குறுக்கே இரண்டு ரேகைகளுக்குப் பதில் ஒன்றே ஓடுவது டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் காணப்படுகிறது; எனினும் பூரண சுகமுள்ள சிலரிடமும் அது உண்டு. குணத்தைச் சொல்வனவும் ரேகைகள் அல்ல. விரலிடுக்கில் படிந்த பழுப்புக் கறை பீடிப் பழக்கத்தையும், கடித்துத் தேய்ந்த நகம் மனச்சஞ்சலத்தையும், உள்ளங்கைக் காய்ப்பு தொழிலையும் காட்டிக்கொடுக்க, கூர்மையான ஜோசியர் அவற்றைக் கவனித்தே பெயர் வாங்கிவிடலாம்.

நகமோ ஒரு நாட்குறிப்பு. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கடுங்காய்ச்சல் கண்டால் வளர்ச்சி தடைப்பட்டு, குறுக்கே ஒரு பள்ளம் விழுகிறது. பிரெஞ்சு வைத்தியர் போ என்பவர் 1846-ல் இதை விவரித்தார். அப்பள்ளம் நகத்தின் அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், நோய் வந்தது ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு முன் என்று கொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் நகம் நடுவே குழிந்துபோவதும், நாட்பட்ட கல்லீரல் நோயில் உள்ளங்கை சிவப்பதும் உண்டு.

வாசகர் தாமே செய்யக்கூடிய பரீட்சையும் ஒன்று இருக்கிறது. இரு கைகளின் ஆள்காட்டி விரல்களை மடக்கி, நகத்தோடு நகம் ஒட்ட வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நக அடியருகே சாய்சதுர வடிவில் சிறு இடைவெளி தெரியவேண்டும். விரல்நுனி பருத்து உருண்டவர்களுக்கு அது தெரியாது. நுரையீரல் அல்லது இருதய நோயின் அறிகுறியாக அந்தப் பருமன் இருக்கக்கூடுமாதலால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுவது உசிதம்; பரம்பரையாகவே அப்படி அமைந்த விரல்களும் உண்டாகையால், பரிசோதிக்கும் முன்பே கலங்க வேண்டியதில்லை.