மிகுந்த யுத்த மருந்தும் சிக்கனத் தோட்டாவும்

யுத்தம் முடிவடையும்போது அதற்கெனச் சேகரித்த சாமான்களில் ஒரு பெரும் பகுதி செலவாகாமல் எஞ்சி நிற்பது இயல்பு. கம்பளி, கித்தான், லாரி, டப்பா உணவு முதலியவை ஏலத்தில் விலைபோய் ஜனங்களுக்குப் பயன்படுகின்றன. வெடிமருந்தின் கதி வேறு. அதை வைத்துக் காப்பதும் செலவு, விற்பதும் தயக்கம். 1918-ல் முதல் உலக யுத்தம் ஓய்ந்தபின் அமெரிக்க சர்க்கார் தம்மிடம் மிஞ்சிய மருந்தில் ஏராளமானதை எரித்தே தீர்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அவ்விதம் எரிந்துபோகாமல் ஒரு பகுதி தப்பி, அந்நாட்டு ரைபிள் சங்கத்தாரிடமும் வேட்டைக்காரரிடமும் வந்து சேர்ந்தது. அவர்கள் அதைக்கொண்டு தங்கள் தோட்டாக்களைத் தாங்களே சொற்பச் செலவில் நிரப்பிக்கொண்டார்கள். சரக்கை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் இவ்விவரத்தைத் தெரிந்துகொள்வது பிரயோஜனமுள்ளது. ஏனெனில், மலிவான சரக்கை வாங்குகிறவன் விலையில் மிச்சப்படுத்துவதற்கு ஈடாக எந்தப் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறான் என்பது இதில் நன்கு விளங்குகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே இங்கே கூறப்படுவது அயல்நாட்டில் நடந்த காரியத்தின் விவரமேயன்றி, வீட்டில் செய்து பார்ப்பதற்கான முறை அன்று. மருந்தளவுப் பட்டியல் எதுவும் இதில் இல்லை.

ரைபிள் தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்திய கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு செத்துவிடுகிறது. பித்தளைக் கூடு மாத்திரம் துப்பாக்கியிலிருந்து முழுமையாக வெளியே விழுகிறது. நான்கினுள் விலை மிகுந்தது அக்கூடுதான். கடையில் தோட்டா வாங்குகிறவன் ஒவ்வொரு முறையும் புதுக்கூட்டுக்கு விலை கொடுத்து, ஒரு முறை சுட்டுவிட்டு எறிந்துவிடுகிறான். எண்ணெய் வாங்கும்போதெல்லாம் புதுப் பாத்திரமும் வாங்குவது போன்ற செய்கை இது. மிதமான மருந்தளவில் ஐந்தாறு முறைக்குக் குறையாமல் ஒரே கூட்டை நிரப்பலாம். கழுத்தில் கீறல் விழுந்தாலும், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தோன்றினாலும் அக்கூட்டைத் தள்ளிவிட வேண்டும்.

நிரப்பும் வேலை கடினமன்று. சூட்டில் விரிந்த கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருதல், செத்த கேப்பை ஊசியால் தள்ளிப் புதிது பொருத்துதல், மருந்தைத் தராசில் நிறுத்து இடுதல், குண்டை வைத்து அழுத்துதல் ஆகிய இவ்வளவே. இதற்கென அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ‘ஐடியல்’ என்னும் பெயரில் பாக்குவெட்டி போன்ற கைக்கருவி ஒன்று விற்றுவந்தது. 1925-ல் அக்கம்பெனியை லைமன் கம்பெனியார் வாங்கிக்கொண்டார்கள். மேஜையில் பூட்டும் பெரிய யந்திரம் இல்லாத குடியானவனும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தப் பாக்குவெட்டியைக்கொண்டு வேலையை முடித்துவிடுவான்.

குண்டிலும் சிக்கனம் செய்தவர் உண்டு. அச்சுக்கூடங்களில் கழித்த எழுத்து ஈயத்தை உருக்கி வார்ப்பது பழைய வழக்கம். வார்த்த குண்டுக்கு மருந்து குறைவாகவே இட வேண்டும். யுத்த காலத்தில் செப்புறையிட்ட குண்டுகள் கடைகளில் கிடைக்காமற்போகவே, கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரைச் சேர்ந்த பிரெட் ஹண்டிங்டன் 1943-ல் ஓர் அச்சு செய்தார். சின்ன இருபத்திரண்டு ரகத் துப்பாக்கியில் சுட்டுக் கழிந்த கூடுகளையே குண்டுக்கு உறையாக அழுத்தி மாற்றும் அச்சு அது. குப்பையில் கிடந்த பொருளிலிருந்து அவருடைய பெருந்தொழில் பிறந்தது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். கான்ஸாஸ் மாகாணத்தில் எரிவாயுக் கம்பெனியொன்றின் விற்பனையாளராயிருந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர், முன் யுத்தத்தின் மருந்து எரிக்கப்பட்டதைக் கேள்வியுற்றிருந்தார். இம்முறையும் அப்படியே நேருமென்று கருதி, தம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியின்பேரில் கடன் வாங்கி, 1946-ஐ ஒட்டிய காலத்தில் 50,000 ராத்தல் மருந்தைச் சர்க்காரிடம் வாங்கினார். வைப்பதற்குக் கிடங்கு இல்லை. பழைய கூட்ஸ் வண்டிப் பெட்டியொன்றை வாங்கி, வாடகைக்குப் பிடித்த மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி, அதையே கிடங்காக்கிக்கொண்டார். பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 150 ராத்தல் கொண்ட பீப்பாய் 30 டாலர். ரயில் கூலி தனி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குப் போகும் வழியில் வீட்டு மோட்டாரிலேயே பார்சல்களை ஏற்றிச் சென்று ரயிலில் சேர்த்துவந்தார்கள்.

கணக்கைப் பார்க்கலாம். ராத்தல் ஒன்று 20 சென்ட் ஆகிறது. ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். அந்நாட்டு ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட ‘முப்பது-சைபர்-ஆறு’ ரகத் தோட்டாவுக்குச் சுமார் 50 கிரெயின் மருந்து செல்லும் என்று வைத்துக்கொண்டால் (பழைய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம்), ஒரு ராத்தலில் 140 தோட்டா ஆகும். அதாவது ஒரு சென்ட்டுக்கு ஏழு தோட்டாவுக்கான மருந்து. பீப்பாய் முழுவதும் 21,000 தோட்டாவுக்கு வரும். தனி மனிதன் ஆயுள் முழுவதும் சுட்டாலும் தீருமோ என்பது சந்தேகம். பலர் கூடி வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால்தான் இம்மலிவு மலிவாகும்.

ஆனால் பங்கிடுவதில்தான் அபாயம் தொடங்குகிறது.

அந்த மருந்தின் எண் 4895. டூபான்ட் கம்பெனியார் யுத்தத்துக்காக ‘முப்பது-சைபர்-ஆறு’ தோட்டாவுக்கென்றே செய்துவந்தது. சில வருஷங்களில் ஹாட்ஜ்டனிடம் 4831 என்ற இன்னொன்றும் விற்பனைக்கு வந்தது. அது 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்கான மருந்து. இரண்டும் கரும்பழுப்பான சிறு குச்சித் துண்டுகள். கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது எளிதன்று. எரியும் வேகமோ வெவ்வேறு. பனையோலையும் புளியங்கட்டையும் ஒரே அடுப்பில் எரிவதுபோல எனலாம். மெதுவாக எரியும் 4831-க்கு உகந்த அளவில் அதைவிட வேகமாக எரியும் மருந்தை இட்டால், குண்டு குழாயைவிட்டு நகர்வதற்கு முன்பே அழுத்தம் எல்லை மீறித் துப்பாக்கி வெடிக்கும். சுடுகிறவனுடைய முகம் அதற்கு அரை முழ தூரத்திலேயே இருக்கிறது. பீப்பாயிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பழைய டப்பாவில் அள்ளிக் கொடுத்துவிட்டுச் சீட்டு ஒட்டாமல் விடுகிற சங்கம், மருந்தை அன்று, விபத்தையே பங்கிட்டுக் கொடுக்கிறது. பெயர் தெரியாத மருந்தை எவ்வளவு மலிவாயினும் தோட்டத்தில் கொட்டிவிடுவதே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

பெயர் தெரிந்தாலும் போதாது. எந்த ஈடு என்பதும் தெரிய வேண்டும். நெல்லில் ஒரே ரகமாயினும் களத்துக்குக் களம் தரம் மாறுவதுபோல, ஒரே எண்ணுள்ள மருந்தும் ஆலையில் செய்த ஈட்டுக்கு ஈடு சற்று மாறுபடும். சில்லறையில் டப்பாக்களில் விற்கும் மருந்தை ஆலையார் பல ஈடுகளைக் கலந்து ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். அதனால் புத்தகத்தில் அச்சிட்ட அளவு எந்த டப்பாவுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ராணுவத்துக்குச் செல்லும் மருந்துக்கு அந்தக் கலப்பு தேவைப்படவில்லை. ஒவ்வோர் ஈட்டையும் ஆயுதச் சாலையில் அழுத்தம் அளக்கும் துப்பாக்கியில் சோதித்து, இந்த ஈட்டுக்கு இவ்வளவு கிரெயின் என்று அங்கேயே நிர்ணயித்தார்கள். மிகுந்த மருந்து விலைக்கு வந்தபோது சரக்கு வந்தது. சோதனைச் சாலை வரவில்லை. அந்தச் சோதனையை வாங்கினவனே செய்ய வேண்டியதாயிற்று. புத்தக அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிதளவே கூட்டி, சுட்ட கூட்டையும் கேப்பையும் பார்த்துக்கொண்டு வருவது வழக்கம். கேப்பு மிகத் தட்டையானாலோ, கூடு அறையில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்தாலோ, எல்லையைத் தாண்டியாயிற்று என்று பொருள். பல ராணுவக் கூடுகள் கனமானவையாதலால் உட்கொள்ளளவு குறைவு. அவற்றில் அதே மருந்து அதிக அழுத்தம் தரும். இதையும் கணக்கில் கொள்ளாமல் சிலர் கஷ்டப்பட்டார்கள்.

4895-க்கு ஒரு நற்குணம் உண்டு. அது கூட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், மறதியாய் இரண்டு முறை இட்டால் வழிந்து கொட்டித் தவற்றைக் காட்டிவிடும். கொஞ்சமே இடும் வேக மருந்துகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நமது கிராமங்களில் பயிர்க்காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் கரிமருந்து இவற்றுக்கு உறவானதேயன்று. கரிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. படியால் அளந்து வாய்வழி கொட்டுவது. புகையில்லா மருந்தோ பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. அதைக் கரிமருந்துக்குரிய அளவில் நாட்டுத் துப்பாக்கியில் கொட்டினால் குழாய் பிளந்துபோகும். மருந்து என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் விளையும் குழப்பம் சாதாரணமானதன்று.

நீலகிரியில் 1903-ல் நிறுவப்பட்ட அருவங்காடு ஆலையைத் தமிழ்நாட்டார் அறிவர். அது பெயர்பெற்றது கார்டைட் என்னும் மருந்தினால். அம்மருந்து சேமியாவைப் போல் நீண்ட இழையாயிருப்பது. கழுத்து குறுகாத கூட்டில் முதலில் இழைக்கற்றையை வைத்து, பிறகே கழுத்தைக் குறுக்கினார்கள். ஆகவே சுட்ட கூட்டில் அதைத் திரும்ப நிரப்புவது இயலாத காரியம். அன்றியும் ஆங்கில ராணுவத்தின் 303 கூடுகளில் கேப்புக்குப் பின்னால் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் இருந்தன; செத்த கேப்பை ஊசியால் தள்ள முடியாது. இரண்டு துளை ஏற்பாட்டைக் கண்டவர் பெர்டன் என்ற அமெரிக்கர். ஒரே துளை ஏற்பாட்டைக் கண்டவர் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். ஒவ்வொரு நாடும் மற்றதன் ஏற்பாட்டைக் கைக்கொண்டது விந்தை. அமெரிக்கக் குடியானவனுக்குக் கூட்டை மீண்டும் நிரப்புவது எளிதாயிருந்ததற்கு அந்த ஆங்கிலேயரே காரணம் எனலாம்.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தை வந்த கொள்கலத்திலேயே, வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கெட்டியான இரும்புப் பெட்டியில் இறுக மூடுவது தவறு. தீப்பிடித்தால் அப்பெட்டியே வெடிகுண்டாகும். எளிதில் திறந்துகொள்ளும் மரப்பெட்டி உத்தமம். மூடியைத் திறந்ததும் புளித்த காரமான நெடி வீசினால், அல்லது துண்டுகளின்மேல் செந்தூள் படிந்திருந்தால், மருந்து சிதையத் தொடங்கிவிட்டது.

யுத்த மருந்து என்றென்றும் இருக்கக்கூடியதன்று. 4831-இன் இருப்பு 1970-களின் தொடக்கத்தில் தீர்ந்துவிட்டது. அதே பெயரில் ஸ்காட்லாந்திலும், பின்னர் ஆஸ்திரேலியாவிலும் புதிதாகச் செய்வித்து ஹாட்ஜ்டன் கம்பெனியார் விற்றார்கள். ராத்தல் 20 சென்ட் என்ற விலை அதற்கு முன்பே போய்விட்டது. டப்பாவின்மேல் அச்சிட்ட அளவு மாத்திரம் உள்ளிருக்கும் மருந்துக்குப் பொருந்தியது.